ஹிட் கொடுத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர்: ‘பிட்டர் ஸ்வீட் சிம்பொனி’ பாடலுக்கு 22 ஆண்டுகள் என்ன நடந்தது?

லண்டனின் ஹாக்ஸ்டன் தெருவில் ஒல்லியான ஒரு இளைஞர் நடந்து வருகிறார். எதிரே வருபவர்களுக்கு வழி விடுவதே இல்லை. தோளில் இடிக்கிறார், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறார். குறுக்கே நிற்கும் காரைச் சுற்றிப் போகாமல் அதன் மேலேயே ஏறிக் கடக்கிறார். காரை ஓட்டி வந்த பெண் இறங்கி வந்து சண்டை போட்டாலும் நடை நிற்பதில்லை. பின்னணியில் வயலின்கள் ஒரே கோர்வையைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன.

1997-ல் வெளியான இந்த வீடியோவை ஆங்கிலப் பாட்டே கேட்காதவர்கள்கூட எங்கேயாவது பார்த்திருப்பார்கள். குறைந்தபட்சம் அந்த வயலின் இசையையாவது ஏதோ ஒரு ரீல்ஸில் கேட்டிருப்பார்கள். பாட்டின் பெயர் ‘பிட்டர் ஸ்வீட் சிம்பொனி’. இசைக்குழு, இங்கிலாந்தின் விகன் நகரைச் சேர்ந்த ‘தி வெர்வ்’. நடந்து வருபவர் அதன் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட்.

பாட்டு உலக ஹிட். ஆனால், 22 ஆண்டுகளாக அந்தப் பாட்டின் ‘இசையமைத்தவர்’ என்ற இடத்தில் ஆஷ்கிராஃப்டின் பெயர் இல்லை. அங்கே இருந்தது ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பெயர்கள். இத்தனைக்கும் அந்தப் பாட்டை உருவாக்கிய ஸ்டுடியோவில் அந்த இருவருக்கும் எந்த வேலையும் இருக்கவில்லை.

இந்தக் கதையை வழக்கமாக ‘பேராசைக்கார முதலாளி, ஏமாந்த கலைஞன், கடைசியில் சுபம்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உண்மையில் அவ்வளவு சிம்பிள் இல்லை. வில்லனை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால், இன்றைக்கும் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடிய ஒரு விஷயத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

பாட்டு எப்படி உருவானது?

1990-களின் நடுவில் தி வெர்வ் குழுவின் நிலைமை சுமார்தான். முதலில் வெறும் ‘வெர்வ்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். அதே பெயரில் அமெரிக்காவில் பழம்பெரும் ஜாஸ் இசை நிறுவனம் இருந்ததால், பெயருக்கு முன்னால் ‘தி’ சேர்க்க வேண்டியதாயிற்று. 1995-ல் குழுவே ஒருமுறை உடைந்து, பிறகு மீண்டும் சேர்ந்தது. மூன்றாவது ஆல்பமான ‘அர்பன் ஹிம்ஸ்’ அவர்களுக்கு வாழ்வா சாவா கட்டம்.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு ஆஷ்கிராஃப்ட் கையில் எடுத்தது ஒரு பழைய பதிவு. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-ல் ‘தி லாஸ்ட் டைம்’ என்று ஒரு ஹிட் கொடுத்திருந்தார்கள். அப்போது அவர்களின் மேனேஜராக இருந்த ஆண்ட்ரூ ஓல்ட்ஹாம், ஸ்டோன்ஸ் பாடல்களை ஆர்கெஸ்ட்ரா பாணியில் வாசிக்க வைத்துத் தனி ஆல்பம் ஒன்றைத் தயாரித்தார். அதில் வந்த ‘தி லாஸ்ட் டைம்’ பதிவிலிருந்து சில நொடிகளை வெட்டி எடுத்து, சுழல விட்டு, அதன் மேல் தன் பாட்டைக் கட்டினார் ஆஷ்கிராஃப்ட். இசை உலகில் இதற்குப் பெயர் ‘சாம்பிள்’.

வெட்டி ஒட்டினால் மட்டும் பாட்டு ஆகிவிடாது. தயாரிப்பாளர்கள் யூத், கிறிஸ் பாட்டர், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோ, வில் மலோன் எழுதிய புதிய வயலின் பகுதிகள், குழுவின் டிரம்ஸ், பேஸ், கித்தார் என்று அடுக்கடுக்காக ஒலிகள் சேர்ந்தன. வரிகளும் பாடும் மெட்டும் ஆஷ்கிராஃப்டுடையவை. சாம்பிள் என்பது அஸ்திவாரம், மேலே எழுந்த வீடு புதுசு.

ரிலீஸும் புரமோஷனும்: எல்லாம் பக்கா

1997 ஜூன் 16 அன்று சிங்கிள் வெளியானது. ஆல்பம் வருவதற்கு மூன்று மாதம் முன்பே, அதற்கான எதிர்பார்ப்பை ஏற்றிவிட இந்த ஒரு பாட்டை முன்னால் அனுப்பினார்கள். இயக்குநர் வால்டர் ஸ்டெர்ன் எடுத்த வீடியோவில் நடனம் இல்லை, பளபளப்பு இல்லை. ஒரு தெரு, ஒரு மனிதர், ஒரு நடை. ‘மாஸிவ் அட்டாக்’ குழுவின் 1991-ம் ஆண்டு வீடியோ ஒன்றில் ஒரு பாடகி தெருவில் நடந்துகொண்டே பாடுவார். அதற்கு வைத்த சலாம்தான் இது என்பது அப்போதே ரசிகர்களுக்குப் புரிந்தது.

பிரிட்டிஷ் பட்டியலில் பாட்டு 2-வது இடம். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 12-வது இடம். செப்டம்பரில் வந்த ஆல்பம் பிரிட்டனில் நம்பர் 1. 1998 பிரிட் விருதுகளில் சிறந்த ஆல்பம், சிறந்த குழு இரண்டும் இவர்களுக்கே. எம்டிவி விருதுகளில் ‘ஆண்டின் சிறந்த வீடியோ’ பிரிவில் பரிந்துரை. ‘குரூயல் இன்டென்ஷன்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் இந்தப் பாட்டு ஒலித்தபோது, இன்னொரு தலைமுறையும் இதைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சிங்கிளை எப்படி மக்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஒரேயொரு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டார்கள். அது பேப்பர் வேலை.

ஒரு பாட்டுக்கு இரண்டு ஓனர்கள்!

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் நாம் கேட்கும் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன.

முதலாவது, ஒலிப்பதிவு. அதாவது, குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட கலைஞர்கள் வாசித்துப் பதிவு செய்த அந்த ஒலி. ‘மாஸ்டர்’ என்பார்கள். பெரும்பாலும் இது இசை நிறுவனத்தின் கையில் இருக்கும்.

இரண்டாவது, பாட்டு. அதாவது, மெட்டும் வரிகளும். யார் பாடினாலும், எத்தனை முறை பதிவு செய்தாலும் அடியில் இருக்கும் அந்தச் சரக்கு. இதன் உரிமையைத்தான் ‘பப்ளிஷிங்’ என்கிறார்கள்.

வீடு ஒருவர் பெயரில், மனை இன்னொருவர் பெயரில் இருப்பது மாதிரி. வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிவிட்டோம் என்று குடியேற முடியாது. மனைக்காரரும் தலையாட்ட வேண்டும்.

வெர்வ் தரப்பு, ஓல்ட்ஹாம் ஆர்கெஸ்ட்ராவின் ஒலிப்பதிவைப் பயன்படுத்த டெக்கா நிறுவனத்திடம் அனுமதி வாங்கியது. முதல் கதவு திறந்துவிட்டது. இரண்டாவது கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஆலன் கிளைன்.

யார் இந்த கிளைன்? நியூயார்க் கணக்காளர். 1960-களில் ரோலிங் ஸ்டோன்ஸின் வணிக விவகாரங்களைக் கவனித்தவர். பிறகு பீட்டில்ஸ் குழுவின் விவகாரங்களையும் கையில் எடுத்தவர். 1970-ல் அவரை விட்டு விலக முடிவெடுத்தபோதுதான் ஸ்டோன்ஸுக்கே விஷயம் உறைத்தது: 60-களில் அவர்கள் எழுதிய பாடல்களின் உரிமை கிளைனின் ‘ஆப்கோ’ நிறுவனத்திடம் இருந்தது! வழக்கு, சமரசம் எல்லாம் நடந்த பிறகும் அந்த உரிமை அங்கேயேதான் தங்கியது. ‘தி லாஸ்ட் டைம்’ பாட்டும் அதில் ஒன்று.

அதாவது, பின்னாளில் ஆஷ்கிராஃப்டுக்கு நடந்த கதை ஜாகருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் ஏற்கெனவே வேறு ரூபத்தில் நடந்துவிட்டது.

மண்டபம் புக் பண்ணிய பிறகு பேரம்

கிளைனிடம் போய் நின்றபோது ஆல்பம் தயார். சிங்கிள் தயார். புரமோஷன் வண்டி கிளம்பிவிட்டது. கல்யாண மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் புதுசாக ஒன்று கேட்டால் என்ன ஆகும்? பெண் வீட்டாரால் ‘வேண்டாம், எழுந்து போங்க’ என்று சொல்ல முடியுமா? அதே நிலைதான்.

முதலில் பாதிக்குப் பாதி என்றுதான் பேச்சு இருந்தது, பாட்டு ஓடும் வேகம் தெரிந்ததும் ‘நூறு சதவீதம் வேண்டும், இல்லையென்றால் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள்’ என்றார்கள் என்று குழுவின் பேஸிஸ்ட் சைமன் ஜோன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முடிவில் பப்ளிஷிங் மொத்தமும் கிளைன் பக்கம் போனது. ஆஷ்கிராஃப்டுக்குக் கிடைத்தது 1,000 டாலர் மட்டுமே என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. இசை ஜாகர் - ரிச்சர்ட்ஸ், வரிகள் மட்டும் ஆஷ்கிராஃப்ட் என்று பெயர் போடப்பட்டது.

பணம் போனது ஒரு பக்கம். பெயர் போனது இன்னொரு பக்கம். கிராமி விருதுக்கு ‘சிறந்த ராக் பாடல்’ பிரிவில் பிட்டர் ஸ்வீட் சிம்பொனி பரிந்துரைக்கப்பட்டது. அது பாட்டை எழுதியவர்களுக்கான பிரிவு. எனவே, பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற பெயர்கள் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ்! இருபது வருடங்களில் அந்த இருவரும் எழுதிய சிறந்த பாட்டு இதுதான் என்று ஆஷ்கிராஃப்ட் கிண்டலடித்தார். சிரிப்புக்குள் இருந்த வலி எல்லோருக்கும் புரிந்தது.

பப்ளிஷிங் கையில் இல்லை என்றால் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரமும் பெருமளவு போய்விடும். விளம்பரங்களுக்குப் பாட்டைக் கொடுப்பதில் குழுவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் நைக்கி விளம்பரத்தில் அது ஒலித்தது. இவர்களின் பதிவைத் தர மறுத்தால்கூட, பாட்டின் உரிமை வைத்திருப்பவர் வேறு யாரையாவது வைத்துப் பாட வைத்து அந்தப் பதிவைக் கொடுத்துவிட முடியும். அப்புறம் மறுத்து என்ன பயன்?

அப்போ கிளைன்தான் வில்லனா?

‘அவர் சட்டப்படி தனக்கு உரிமையானதைத்தான் கேட்டார்’ என்று ஒரு வாதம் உண்டு. அதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. அடுத்தவர் சொத்தின் மேல் வீடு கட்டிவிட்டு, அப்புறம் வந்து பேசியது வெர்வ் தரப்பின் தவறு. பெரிய இசை நிறுவனத்தின் பலம் பின்னால் இருந்தும் இரண்டாவது கையெழுத்தைக் கடைசிவரை தள்ளிப் போட்டது, அலட்சியம் அல்லாமல் வேறென்ன? அந்த வயலின் கோர்வை இல்லாமல் இந்தப் பாட்டு இந்த அளவுக்கு ஓடியிருக்குமா என்று கேட்டால், நேர்மையான பதில் ‘கஷ்டம்தான்’.

ஆனால், அந்த வாதத்தை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்க்க வேண்டும். அந்த வயலின் கோர்வை யாருடையது?

ஸ்டோன்ஸின் அசல் ‘தி லாஸ்ட் டைம்’ பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அது கித்தார் பாட்டு. உலகமே முணுமுணுக்கும் அந்த வயலின் கோர்வை அதில் இல்லவே இல்லை! ஓல்ட்ஹாம் ஆர்கெஸ்ட்ரா பதிவுக்காக அதை எழுதியவர் டேவிட் விட்டேக்கர் என்ற இசை ஒருங்கிணைப்பாளர். அவர் 2012-ல் இறந்தார். 1997-ல் போட்ட பெயர்களிலும் பாட்டை உருவாக்கியவராக அவர் இல்லை, 2019-ல் திருத்திய பெயர்களிலும் இல்லை.

இன்னும் பின்னால் போனால், ஸ்டோன்ஸ் பாட்டுக்கே ஒரு முன்கதை உண்டு. ‘ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்’ என்ற அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் 1950-களில் பதிவு செய்த பக்திப் பாட்டிலிருந்து தாங்கள் எடுத்துக்கொண்டதைக் கீத் ரிச்சர்ட்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். தேவாலயங்களில் வழிவழியாகப் பாடப்பட்டு வந்த மரபு அது.

தேவாலயம், ஸ்டேப்பிள் குடும்பம், ஸ்டோன்ஸ், விட்டேக்கர், ஆஷ்கிராஃப்ட் என்று நீளும் சங்கிலியில் நூறு சதவீதம் வாங்கியது யார்? சங்கிலியில் ஒரு சுரம்கூடச் சேர்க்காத ஒருவரின் நிறுவனம். பாட்டின் மேல் எழுதப்படும் பெயர், அதை உருவாக்கியவரைச் சொல்வதில்லை. பேரம் பேசும் மேஜையில் யார் கை ஓங்கியிருந்தது என்பதைத்தான் சொல்கிறது.

நம்பர் 1 பாட்டும் அதே கதைதான்

இது ஏதோ ஒரு பாட்டுக்கு நேர்ந்த விபத்து என்று நினைத்தால், 1997 ஜூன் மாத பிரிட்டிஷ் பட்டியலைப் பாருங்கள். பிட்டர் ஸ்வீட் சிம்பொனியை 2-வது இடத்திலேயே நிறுத்தி வைத்த நம்பர் 1 பாட்டு எது? பஃப் டாடியின் ‘ஐ’ல் பி மிஸ்ஸிங் யூ’. அதுவும் சாம்பிள் பாட்டுதான்! ‘தி போலீஸ்’ குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ மேல் கட்டப்பட்டது. முன்கூட்டியே அனுமதி கேட்காததால் அதன் பப்ளிஷிங் பணம் பாட்டை எழுதிய ஸ்டிங் பக்கம் போனது. ஆனால், அந்தப் பாட்டில் எல்லோர் காதிலும் விழும் கித்தார் கோர்வையை வாசித்த ஆண்டி சம்மர்ஸுக்கு அதில் பங்கு இல்லை. எழுதியவர் என்ற இடத்தில் ஸ்டிங் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஒரே வாரத்தில் முதல் இரண்டு இடங்கள். இரண்டிலும் காதில் நிற்கும் அந்தக் கோர்வையை உருவாக்கியவருக்குப் பூஜ்யம். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது, முறையே அப்படித்தான் இருக்கிறது.

2019: நீதியா, கருணையா?

2005-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த ‘லைவ் 8’ நிகழ்ச்சியில் கோல்ட்ப்ளே குழு ஆஷ்கிராஃப்டை மேடைக்கு அழைத்து இந்தப் பாட்டைப் பாட வைத்தது. உலகத்துக்கு அது அவருடைய பாட்டு. பேப்பரில் மட்டும் இல்லை.

2009-ல் ஆலன் கிளைன் இறந்தார். பத்து வருடம் கழித்து, 2019 மே 23 அன்று ஐவர் நோவெல்லோ விருது விழாவில் ஆஷ்கிராஃப்ட் அந்தச் செய்தியை அறிவித்தார். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பெயர்களை விலக்கிக்கொண்டு, பாட்டின் பப்ளிஷிங்கில் தங்கள் பங்கை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிளைனின் மகன் ஜோடி வழியாகவும், ஸ்டோன்ஸ் மேனேஜர் வழியாகவும் பேசி முடித்த விஷயம் அது. இனி வரும் ராயல்டி ஆஷ்கிராஃப்டுக்கு.

நல்ல செய்திதான். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் கையெழுத்துப் போட வேண்டிய எந்தக் கட்டாயமும் இல்லை. மனசு வந்து கொடுத்தார்கள். ஆனால், பிரச்சினையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு மனசு வராமல் போயிருந்தால்? 22 வருடக் காத்திருப்புக்குப் பிறகு, எதிர்த் தரப்பின் பெருந்தன்மையால் திரும்பி வந்ததை நீதி என்று சொல்ல முடியாது. அது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் விட்டேக்கருக்கு வாய்க்கவில்லை.

என்னதான் தீர்வு?

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஏற்கெனவே வெளியான பாட்டை இன்னொருவர் தன் குரலில் முழுசாகப் பாடிப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அதற்கென்று நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாடலாம். ஆனால், பழைய பதிவிலிருந்து நாலு நொடி எடுத்தால் அப்படி ஒரு கட்டண அட்டவணை கிடையாது. முழுப் பாட்டைப் பாட விலை உண்டு, ஒரு துண்டை எடுக்க விலை இல்லை, கேட்பவர் சொல்வதுதான் விலை. இந்த முரண்பாடு தீராதவரை ஆஷ்கிராஃப்ட்கள் உருவாகிக்கொண்டே இருப்பார்கள்.

சாம்பிளுக்கும் கட்டணம் நிர்ணயித்துவிட்டால், ‘என் இசையைப் பயன்படுத்தாதே’ என்று மறுக்கும் உரிமை கலைஞருக்குப் போய்விடுமே என்ற கேள்வி நியாயமானது. அந்த உரிமை இருக்கட்டும். ஒரு கலைஞர் தன் பாட்டு எங்கே ஒலிக்கக் கூடாது என்று முடிவு செய்யலாம். ஆனால், பணம் வாங்கிக்கொண்டு சம்மதிப்பது என்று ஆகிவிட்டால், எடுத்த அளவுக்கும் கேட்கும் பங்குக்கும் ஏதாவது ஒரு விகிதம் வேண்டாமா? புதுசாகச் சேர்த்தவரின் பங்கைப் பூஜ்யமாக்க முடியாது என்று ஒரு கோடு கிழிக்க வேண்டாமா? காதில் நிற்கும் பகுதியை எழுதிய ஒருங்கிணைப்பாளருக்கு, வாசித்தவருக்கு, ஒரு வரியாவது பெயர் வேண்டாமா?

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இந்தக் கதையில் வேறொரு பாடமும் இருக்கிறது. அது இசைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. டிசைன் பண்ணுபவர், கோடு எழுதுபவர், வீடியோ எடிட் பண்ணுபவர் என்று கற்பனையை விற்றுச் சம்பாதிக்கும் எல்லோருக்கும் பொருந்தும். போஸ்டரில் உங்கள் முகம் இருக்கலாம். மேடையில் உங்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டலாம். அதெல்லாம் புரமோஷன். உரிமை என்பது வேலை முடிந்த பிறகு பேசுவது இல்லை, வேலை தொடங்கும் முன் எழுதி வாங்குவது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நீங்கள் தள்ளிப் போடும் ஒவ்வொரு நாளும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் கை ஓங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த வீடியோவை இன்னொரு முறை பார்த்தால் இப்போது வேறு மாதிரித் தெரியும். யாருக்கும் வழி விடாமல், எதற்கும் நிற்காமல் ஆஷ்கிராஃப்ட் அந்தத் தெருவில் நடக்கிறார். அந்த நடைக்குப் பின்னால் ஒலிக்கும் பாட்டின் மெட்டு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு 22 வருடம் ஆனது. அந்த வயலின் கோர்வையை முதலில் எழுதிய மனிதரின் பெயர் இன்னும் அந்த வரியில் ஏறவில்லை.